விதைக்கப்படும் உடல்: தென்காசிச் சீமையில் உயிர்த்தெழுதல் நம்பிக்கை

பங்குனி உத்திரத்துக்கும் ஈஸ்டருக்கும் நிலவுதான் கணக்கு. பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி உத்திரம் வருகிறது. மார்ச் 21-ஆம் தேதியன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால் பல ஆண்டுகளில் இரண்டும் சில நாள் இடைவெளியில் வந்துவிடும். 2024-இல் உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. அந்த வாரத்தில் தென்காசி வட்டாரம் முழுக்க நடமாட்டம் கூடிவிடும். குலதெய்வ சாஸ்தாவைத் தேடி வேனிலும் பஸ்ஸிலும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். லெந்து நாட்களின் கடைசி வாரத்தில் கல்லறைத் தோட்டத்து முட்செடிகளை வெட்டிக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரு சாராரும் தங்கள் முன்னோரை நினைத்துத்தான் போகிறார்கள். ஆனால் சுண்ணாம்பு வாளியோடு போகிறவர்களிடம் கூடுதலாக ஒரு நம்பிக்கை உண்டு: மண்ணுக்குள் கிடக்கிறவர் ஒருநாள் எழுந்து வருவார்.

தென்காசி என்ற பெயரிலேயே சாவைப் பற்றிய வேறொரு நம்பிக்கை குடியிருக்கிறது. 1446-இல் பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரையில் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினான். காசிக்குப் புறப்பட்ட அடியார்கள் வழியிலேயே மாண்டுபோகிறார்கள், அங்கே கிடைக்கும் முத்தி இங்கேயே கிடைக்கட்டும் என்று எழுப்பியது என்கிறது தலவரலாறு. பிறவித் தொடர் அறுவதே அந்த முத்தியின் சாரம். அந்தக் கோபுரம் கண்ணில் படும் தெருக்களிலேயே, சரீரம் மறுபடியும் எழும் என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடும் கிறிஸ்தவர்களும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். ஒருவருக்கு உடலிலிருந்து விடுதலை. இன்னொருவருக்கு உடலுக்கே விடுதலை.

இந்த வேறுபாட்டை இங்குள்ள கிறிஸ்தவர்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். துக்க வீட்டில் கேட்டால், ஆத்துமா மோட்சம் போய்விட்டது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது பாதி நம்பிக்கைதான். உயிர்த்தெழுதல் என்பது உடலைப் பற்றிய கோட்பாடு. ஆகவே அதை நம்புகிறவர்கள் இருக்கிற உடல்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதே அதற்கு உரைகல். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பழைய சாட்சிகள்

உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியலைத் தரும் மிகப் பழைய எழுத்து, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம். கி.பி. 54-ஐ ஒட்டி எபேசு நகரிலிருந்து எழுதியது. நற்செய்தி நூல்கள் எல்லாமே அதற்குப் பிந்தியவை. இயேசு சிலுவையில் இறந்து அப்போது கால் நூற்றாண்டு ஆகியிருக்கும், அவ்வளவுதான். அதன் 15-ஆம் அதிகாரத்தில், தாம் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டு, உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களைப் பவுல் வரிசைப்படுத்துகிறார்: பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியாகத் தாம். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்கிற தொனி அது.

நற்செய்திகளில் மாற்கு எழுதியதே முந்தியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு, கி.பி. 70-ஐ ஒட்டியது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அந்த நூல் 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. வெறுங்கல்லறையைக் கண்ட பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயத்தினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு கதை முடிகிறது. வெற்றி முழக்கம் எதுவும் இல்லை. நான்கு நற்செய்திகளிலும் முதலில் கல்லறைக்குப் போகிறவர்கள் பெண்கள்தாம். பெண்களின் சாட்சியை ஏற்கலாகாது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதிவைத்திருக்கிறார். ஊர் நம்பவேண்டும் என்பதற்காகக் கட்டிய கதையென்றால், ஊர் நம்பாத சாட்சிகளை முன்வரிசையில் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்பது விசுவாசத் தரப்பு ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்துவைக்கும் வாதம்.

எதிர்த்தரப்பும் வலுவானதே. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் புல்ட்மன் 1941-இல் படித்த கட்டுரை ஒன்றில், பிணம் எழுந்தது என்பதை இக்கால மனிதன் வரலாற்று நிகழ்வாக ஏற்க முடியாது, சீடர்களின் உள்ளத்தில் எழுந்த விசுவாசமே ஈஸ்டர் என்ற நிலைப்பாட்டை வைத்தார். 2003-இல் இங்கிலாந்து அறிஞர் என். டி. ரைட் பெரிய நூல் ஒன்றில் இதற்கு மறுப்பு எழுதினார். வெறுங்கல்லறையும் தரிசனங்களும் சேர்ந்தே இல்லாவிட்டால், இப்படியொரு நம்பிக்கை யூதர்களிடையே திடீரென்று முளைத்ததற்குக் காரணம் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். வரலாற்று ஆய்வு ஓர் எல்லை வரைதான் கூட வரும். சிலுவைக்குப் பயந்து சிதறிய கூட்டம் சில வாரங்களில் தெருவில் நின்று பேசத் தொடங்கியது வரலாறு. அவர்களை அப்படி மாற்றியது எது என்ற இடத்தில் விசுவாசம் தொடங்குகிறது.

இந்த நம்பிக்கையின் வேர் இயேசுவுக்கும் முந்தியது. தானியேல் நூலின் 12-ஆம் அதிகாரத்திலும் மக்கபேயர் இரண்டாம் நூலின் 7-ஆம் அதிகாரத்திலும் அது தெளிவாகத் தெரிகிறது. பின்னதில் ஒரு தாயின் கண்முன்னே அவளுடைய ஏழு பிள்ளைகளை அரசன் வதைத்துக் கொல்கிறான். மூன்றாமவன் தன் நாக்கையும் கைகளையும் நீட்டிக் கொடுத்து, கடவுளிடமிருந்து பெற்ற இவற்றை அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான். உயிர்த்தெழுதல் நம்பிக்கை இப்படி வதைக்கூடத்தில் தெளிவுபெற்றது. கொடுங்கோலன் வெட்டி எறிந்த கைக்குக் கடவுளிடம் நியாயம் உண்டா என்பதே அதன் மூலக் கேள்வி. இயேசுவின் காலத்தில் இந்த நம்பிக்கையை மறுத்தவர்கள் சதுசேயர். ஆலய அதிகாரமும் செல்வமும் கையில் இருந்த கூட்டம். இருக்கிற ஏற்பாடே வசதியாக இருப்பவர்களுக்கு மறுபடியும் ஒரு தீர்ப்பு நாள் எதற்கு?

இந்த நம்பிக்கையை வேறெதோடும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கச் சில வேறுபாடுகள் அவசியம். இயேசு எழுப்பிய லாசர் உயிர்பெற்றான், பிறகு ஒருநாள் மறுபடியும் செத்திருப்பான். இயேசுவின் எழுச்சி பழைய வாழ்க்கைக்குத் திரும்பியது ஆகாது. சாவு இனித் தொட முடியாத வாழ்க்கைக்குள் போனது. ஆத்துமா அழியாது என்ற கிரேக்கச் சிந்தனையும் இது ஆகாது, ஏனென்றால் அங்கே உடல் வெறும் கூடு. வேறு உடலில் பிறக்கும் மறுபிறவியும் ஆகாது. எழுகிறவர் அதே ஆள். யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் சீடர் தோமா அதே ஆளா என்று பார்க்கக் கேட்டது முகத்தையோ குரலையோ அல்ல, காயங்களை. ஆணித் தழும்புகள் ஆறிப்போகாமல் உயிர்த்த உடலிலும் இருந்தன. பட்ட அடி மறைக்கப்படவில்லை. சந்தேகப்பட்ட அந்தத் தோமாவின் கல்லறை மயிலாப்பூரில் இருப்பதாகத் தமிழகக் கிறிஸ்தவ மரபு நம்புகிறது.

சாகாமை பேசிய தமிழ்

தமிழ் மண்ணுக்கு இந்தச் செய்தி முற்றிலும் அந்நியமாக வந்து சேரவில்லை. மயிலையில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் திருஞானசம்பந்தர் பெண்ணுருவாக எழுப்பினார் என்கிறது சைவ மரபு. அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் மீட்டார் என்பதும் அப்படியே. பொதிகையும் குற்றாலமும் சித்தர் கதைகள் புழங்கும் மலைகள். உடலைக் கல்போல் உறுதியாக்கும் காயசித்தி அந்த மரபின் பெரிய கனவு.

எல்லாவற்றையும்விட நெருங்கி வருகிறவர் வள்ளலார். மரணமிலாப் பெருவாழ்வு பேசியவர். 1874 ஜனவரி 30-ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று மறைந்தவர். இறந்தவர்களைச் சுடவேண்டாம், சமாதியில் வையுங்கள் என்று தம் அன்பர்களை வற்புறுத்தினார். இறந்தவர்கள் எழுந்து வருவார்கள் என்பதையும் அதற்குக் காரணமாகச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில், கிறிஸ்தவக் கோயிலுக்கு வெளியே, உடல் எழும் என்று ஒரு குரல் கேட்டிருக்கிறது. இதைக் கிறிஸ்தவச் செல்வாக்கு என்று சுருக்குவதும் தவறு, தற்செயல் என்று தள்ளுவதும் தவறு. உடலைக் கழித்துவிட்டு மனிதனை எண்ணிப் பார்க்க முடியாது என்ற உணர்வு தமிழில் ஆழமாக இருந்திருக்கிறது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சித்தர் நெறியில் சாகாமை என்பது சாதனையால் அடைவது. கிறிஸ்தவத்தில் அது கொடை. அரசாங்கமும் ஆலயமும் சேர்ந்து குற்றவாளி என்று தீர்த்துக் கொன்ற ஒருவனைக் கடவுள் எழுப்பினார், அவனோடு சேர்த்து எல்லாரையும் எழுப்புவார் என்பதே செய்தி. தேர்ந்த ஒருவரின் பெருமையைவிட, தோற்கடிக்கப்பட்ட ஒருவருக்குக் கிடைத்த நியாயமே அங்கே முன்னால் நிற்கிறது.

நெல்லைச் சீமைக் கிறிஸ்தவம் இதைத் தன் மொழியில் சொல்ல முயன்றதற்கு நல்ல எடுத்துக்காட்டு எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894-இல் வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவியது. மூலத்தில் இல்லாத அளவுக்குக் கிறிஸ்துவின் பாடுகளையும் எழுச்சியையும் அவர் விரித்துப் பாடினார். கம்பனில் ஊறிய செவிக்குச் சிலுவையும் வெறுங்கல்லறையும் காப்பியமாகவே வந்து சேர்ந்தன.

அடுத்த தலைமுறை கோட்பாட்டையே புதிதாக யோசித்தது. சென்னையில் வழக்கறிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்து 1941-இல் மேயரான வெ. சக்கரை, உயிர்த்த கிறிஸ்து இப்போதும் தம் ஆவியால் மனிதருக்குள் செயல்படுகிறார், அவதாரம் முடிந்துபோன நிகழ்வு அல்ல என்று 1926-இல் எழுதினார். புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்த பா. செஞ்சையா இயேசுவைப் புதுப் படைப்பின் முதல் மனிதராகக் கண்டார். பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்து பின்னாளில் கோவைப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, அன்பில் ஒன்றும்போதும் அன்பு செய்கிறவர் கரைந்துபோவதில்லை என்பதைத் தமிழ்ப் பக்தி மரபின் துணையோடு விளக்கினார். மூவரும் மூன்று வழி. ஆனால் ஈஸ்டரைப் பழைய சம்பவமாகப் பெட்டியில் பூட்டிவைக்க மூவருமே மறுத்தார்கள்.

விடியலும் மெழுகுதிரியும்

கோட்பாட்டைச் சாதாரண விசுவாசி கற்றுக்கொள்வது வழிபாட்டில். தென்காசி மாவட்டத்துக் கத்தோலிக்கர் பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அது 1973-இல் உருவானது. சி.எஸ்.ஐ. சபையார் திருநெல்வேலித் திருமண்டலத்தார். இவர்களோடு பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு. மூன்று கூட்டத்தார் ஈஸ்டரைக் கொண்டாடும் விதமும் வேறு வேறு.

கத்தோலிக்கக் கோயிலில் சனிக்கிழமை நள்ளிரவை ஒட்டிய பாஸ்கா திருவிழிப்பு இருட்டில் தொடங்குகிறது. கோயில் வாசலில் புது நெருப்பு மூட்டி, பாஸ்கா மெழுகுதிரியைக் கொண்டுவருகிறார்கள். ஆளுயரம் இருக்கும் அதில் சிலுவையையும், கிரேக்க அகரவரிசையின் முதல், கடைசி எழுத்துகளையும், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களையும் குருவானவர் கீறுகிறார். பிறகு ஐந்து சாம்பிராணி மணிகளைச் சிலுவை வடிவில் பதிக்கிறார். ஐந்தும் ஐந்து காயங்கள். அதன் பிறகே திரியில் நெருப்பு ஏறுகிறது. அந்த ஒரு சுடரிலிருந்து கோயில் முழுக்கக் கைமெழுகுதிரிகள் பற்றிக்கொள்கின்றன. உன்னதங்களிலே கீதம் எழும்போது மணிகள் ஒலிக்கும்; பல ஊர்களில் ஜோடித்து வைத்த கல்லறை திறந்து, கொடி பிடித்த உயிர்த்த ஆண்டவர் சுரூபம் மேலெழும்பும், வெளியே வேட்டு வெடிக்கும். சிறுவர்கள் பார்ப்பது வேட்டை. கவனித்துப் பார்க்கவேண்டியது அந்த ஐந்து மணிகளை: தோமா தொடக் கேட்ட காயங்களைப் பதித்த பிறகே வெளிச்சம் வருகிறது.

சி.எஸ்.ஐ. சபைகளில் அதிகாலை ஆராதனைதான் சிறப்பு. இருள் பிரியுமுன் மணி அடித்துவிடும். பல ஊர்களில் சபையார் பாடிக்கொண்டே கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகாத கல்லறைகளின் மேல் அரளியும் செவ்வந்தியும் கிடக்க, மெழுகுதிரி ஏற்றி நின்றுகொண்டே ஜெபிப்பார்கள். இறந்தவரைக் கிழக்கே கால்நீட்டிக் கிடத்துவது பழைய கிறிஸ்தவ வழக்கம். எழுந்தால் உதயத்தைப் பார்த்து நிற்கவேண்டும் என்பது எண்ணம். பெந்தெகொஸ்தே சபைகளில் கல்லறைக்கு அலங்காரம் கிடையாது. கர்த்தருடைய வருகையின் நாளில் எக்காளம் முழங்க மரித்தவர்கள் முதலாவது எழுவார்கள் என்ற தெசலோனிக்கேயர் நிருபத்தின் செய்தியே அவர்களுடைய அடக்க ஆராதனைகளில் ஓங்கி ஒலிக்கும்.

இங்கே குற்றாலத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் அருவிக்கரையில் நீராடி எள்ளும் நீரும் இறைத்து முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் ஏராளம். பிதிர்களுக்கு இருப்பவர்கள் செய்யவேண்டிய கடன் அது. கத்தோலிக்கரும் இறந்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைகள் மந்திரிக்கப்படும். புரட்டஸ்டண்டு சபைகளோ இறந்தவர்களுக்காக மன்றாடுவதில்லை. அவர்களுக்காக நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனாலும் குறிப்பிட்ட நாளில் உறவுக்காரர் கூடி ஜெபித்துச் சாப்பிட்டுக் கலையும் வழக்கம் இரு சாராரிடமும் இருக்கிறது. சடங்கின் உருவத்தை ஊரிடமிருந்து வாங்கிக்கொண்டு, உள்ளே வேறொரு நம்பிக்கையை வைத்துக்கொண்டார்கள். தர்ப்பணத்தில் இருப்பவர் இறந்தவரைத் தாங்குகிறார். ஈஸ்டர் விடியலில் இருப்பவரும் இறந்தவரும் சேர்ந்து ஒரே நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

எரிப்பதா புதைப்பதா என்ற கேள்வி இதில் இரண்டாம் பட்சம். எரியூட்டுவதற்கு இருந்த தடையைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தளர்த்தியது. 2016-இல் வந்த அறிவுரையும் அடக்கம் செய்வதே விரும்பத்தக்கது என்கிறதே தவிர, எரித்தால் எழ முடியாது என்று சொல்லவில்லை. புலி தின்றவரையும் கடல் கொண்டவரையும் எழுப்ப முடிகிற கடவுளுக்குச் சாம்பல் தடையாக இருக்க முடியாது.

முதற்கனியும் அசனமும்

எழும் உடல் எப்படி இருக்கும் என்ற கேள்விக்குப் பவுல் சொன்ன விடை விதை. விதைக்கிற மணி வேறு, முளைத்து வரும் பயிர் வேறு. ஆனால் அதுவே இது. சிற்றாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இருபோகம் கண்ட விவசாயிக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. மேற்கே சாரல் விழுந்து குற்றாலத்தில் தண்ணீர் கொட்டினால் காருக்கு நாற்றுப் பாவுகிறவன், விதைக்கோட்டையில் இருந்த நெல்லை எடுத்துச் சேற்றில் விடுவதை இழப்பாக எண்ணுவதில்லை.

அதே அதிகாரத்தில் கிறிஸ்துவை மரித்தோரிலிருந்து எழுந்த முதற்கனி என்கிறார் பவுல். முதற்கனி வந்தால் மற்ற விளைச்சல் பின்னால் இருக்கிறது என்று பொருள். இயேசுவின் எழுச்சி தனியொருவருக்கு நேர்ந்த அற்புதமாக நின்றுவிடுவதில்லை. பெரிய அறுவடை ஒன்று தொடங்கிவிட்டதற்கு அடையாளம் ஆகிறது. நெல்லைச் சீமைச் சபைகளில் அறுப்பின் பண்டிகை இன்றும் உயிர்ப்போடு நடக்கிறது. முதல் தேங்காய்க் குலை, முதல் வாழைத்தார், முதல் ஈற்றுக் கோழி என்று படைத்து ஏலம் விடுவார்கள். ஊர்ப்பாசத்தில் ஒரு கோழி அதன் விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும்.

பண்டிகையோடு அசன விருந்தும் உண்டு. பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் பொங்கி, ஊரார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது இந்தச் சபைகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இதை வெறும் ஊர்ச் சாப்பாடு என்று கடந்துபோக முடியாது. உயிர்த்த இயேசுவைப் பற்றிய கதைகளில் சாப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. எம்மாவு ஊரில் அப்பத்தைப் பிட்டபோது அடையாளம் தெரிந்தது. எருசலேமில் பொரித்த மீனைச் சாப்பிட்டுக் காட்டினார். திபேரியாக் கடற்கரையில் கரியடுப்பு மூட்டிச் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆவியாக வந்துபோனவர் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். கைவிட்டு ஓடியவர்களைக் கூப்பிட்டு மறுபடியும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தமிழ்நாட்டில் பந்தி என்றாலே சாதி. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838-இல் அங்கேயே இறந்த மிஷனரி ரேனியஸ், சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டுக்கொடுக்காமல் எதிர்த்தவர். அதற்காகத் தஞ்சைக் கிறிஸ்தவர்களின் கடும் எதிர்ப்பையும் சம்பாதித்துக்கொண்டார். உயிர்த்தவரின் பெயரால் கூடும் சபையில் தனிப்பந்தி போட முடியுமா என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளாக இந்த மண்ணில் கேட்கப்பட்டு வருகிறது.

உடலின் மானம்

மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் சொல்லவேண்டும். தென்காசிக்கு அருகிலேயே இருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், பின்னர் அது இணைந்த திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக இருந்தது. திருவிதாங்கூரின் தென்பகுதியில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1820-களில் தொடங்கிய போராட்டம், கலவரங்களைக் கடந்து 1859 ஜூலையில் அரசு அறிவிப்போடு ஓரளவு முடிவுக்கு வந்தது. முன்னணியில் நின்றவர்களில் கிறிஸ்தவப் பெண்கள் பலர். உடல் கடவுளுக்குரியது, அது எழப்போகிறது என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டவள், திங்கட்கிழமை சந்தையில் தன் உடலை இன்னொருவர் ஏளனம் செய்ய ஏன் விடவேண்டும்? அந்தப் பெண்கள் எந்த இறையியல் நூலும் எழுதவில்லை. ஆனால் உயிர்த்தெழுதலுக்குத் தென்தமிழகம் தந்த சிறந்த உரை அவர்கள் போட்டுக்கொண்ட குப்பாயம் என்று சொல்வதில் மிகையில்லை.

இதே மலையடிவாரத்தில் தெற்கே இருக்கும் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 1931-இல் விழுந்து அடிபட்ட பின் 1951-இல் இறக்கும் வரை ஏறக்குறைய முழுக்கப் படுக்கைதான். தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்; பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். எழப்போகிறவருக்கு நிரந்தரக் கல் எதற்கு என்ற துணிவு அதில் இருக்கிறது.

துரோகங்களும் உண்டு. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுந்தது. விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்களின் சவ ஊர்வலம் போகும் பாதை உள்ளிட்ட உரிமைகளைச் சுற்றிய தகராறு 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் அது. 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம், சாதி அடிப்படையிலான பாகுபாடு திருச்சபையின் பணிக்கே தடை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நேருக்கு நேர் சொல்லியிருந்தார். சொல்லி நான்காண்டு கடந்தும் பாடையைத் தூக்கிப்போகிற பாதை தீராத சண்டையாக இருந்தது. கல்லறைச் சுவருக்குப் பின்னால் இருப்பது சாதித் திமிர் மட்டும்தானா? கடைசி நாளிலும் தனித்தனி வாசலில் எழுவோம் என்று எண்ணாதவரால் அப்படியொரு சுவரைக் கட்ட முடியாது. அந்தச் சுவர் உயிர்த்தெழுதலை மறுக்கும் விசுவாசப் பிரமாணம், செங்கல்லில் எழுதியது.

ஈஸ்டர் அன்றே சாவு

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு விடுதிகள் என்று தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீயோன் தமிழ்ச் சபை. ஓய்வுநாள் பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் மாண்டவர்களில் அடக்கம். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த கிறிஸ்துவின் சுரூபத்தின் மேல் இரத்தத் துளிகள் தெறித்திருந்த படத்தை உலகமே பார்த்தது.

உயிர்த்தெழுதல் நம்பிக்கை சாவைத் தடுக்கும் தாயத்து அல்ல என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. அப்படியானால் அதனால் என்ன பயன்? ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் இரண்டாம் உலகப்போரில் தம் பக்கத்தில் நின்ற நண்பன் குண்டில் சிதறியதைக் கண்டவர். 1964-இல் அவர் எழுதிய 'நம்பிக்கையின் இறையியல்', உயிர்த்தெழுதலை நம்புகிறவன் இருக்கிற உலகத்தோடு சமாதானமாகப் போக முடியாது என்று வாதிட்டது. பிள்ளைகளைக் கொன்றவனின் செயலே கடைசி வார்த்தையாக இருந்துவிடக் கூடாது என்று கேட்கிற உரிமை அந்த நம்பிக்கையில் இருக்கிறது. மக்கபேயர் நூலின் தாய் கேட்டதும் அதுவே, மட்டக்களப்பின் தாய்மார் கேட்பதும் அதுவே. ஈஸ்டர் அந்தத் துக்கத்தை ஆற்றிவிடவில்லை. நியாயம் கிடைக்காத சாவோடு ஒத்துப்போக மறுக்கும் பலத்தை அது தருகிறது.

முடிவாக

உயிர்த்தெழுதல் நடந்ததா என்று மாற்றுச் சமயத்தாரோ நாத்திகரோ கேட்டால், கிறிஸ்தவர் சுவடிகளையும் பவுலின் பட்டியலையும் எடுத்துக்காட்டலாம். அந்த விவாதம் இன்னும் நடக்கும், நடக்கட்டும். தென்காசியிலோ குற்றாலத்திலோ பக்கத்து வீட்டுக்காரர் சுவடிகளைப் படித்துவிட்டு முடிவுக்கு வருவதில்லை. கிறிஸ்தவர்கள் தங்கள் நோயாளிகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள், பெண்களை எப்படி நடத்துகிறார்கள், பந்தியில் யாரைப் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள், செத்தவரை எங்கே புதைக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அவர் முடிவுக்கு வருகிறார்.

சாவுக்குப் பின் எங்கோ போவதைப் பற்றி மட்டும் பேசும் சபை, தன் மூலச் செய்தியின் பாதியைக் கைவிட்ட சபை. உடல் எழும் என்று நம்புகிற சபைக்கு எந்த உடலும் தீட்டாக முடியாது, எந்தப் பிணமும் தனிப்பாதையில் போக முடியாது. வருகிற ஈஸ்டருக்குக் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்யப் போகிறவர்கள் முட்செடியை வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். உள்ளே பிரிவுச் சுவர் ஏதும் இருந்தால், சுண்ணாம்பு அடிக்குமுன் அதை இடித்துவிட வேண்டும்.